கயிற்றை அவிழ்க்கப் போனவன்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் என்னைத் தெரிந்தவன் எவனாவது நின்றால் போதும், பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிடுவான். "இவுரு கப்பல்ல தீவெல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்தவருங்க." கேட்கிறவன் கண்ணை அகலமாக விரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுற்றிப் பார்த்தேனாம்! மாட்டு மூத்திர வாடையில் கிடந்து, எந்தக் கரையிலும் கால் வைக்க முடியாமல், வாயில் வந்த சாமிகளையெல்லாம் திட்டிக்கொண்டு போய்வந்தேன். அதற்குப் பெயர் சுற்றிப் பார்ப்பதென்றால், சரி, பார்த்தேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் ஊர் இண்டூருக்குப் பக்கம். அந்த வருடம் ஆவணி முதல் முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பெண் மாரண்டஹள்ளியில் இருந்த தாய்மாமன் மகள். பெரியவர்கள் எப்போதோ பேசிவைத்த பேச்சுதான். ஆனால் அவர்கள் பேசிவைத்ததற்காக நான் ஆசைப்படவில்லை. ஒருநாள் சந்தையில் கத்தரிக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏன் மாமா, மாட்டப் பாக்கறதுல பாதியாச்சும் மனுசரப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு விழுந்தவன்தான்.

கல்யாணச் செலவுக்காக எங்கள் ஜோடி மாட்டை அப்பா விற்றார். ஒன்று செவலை, ஒன்று மயிலை. வாங்கியவன் ஒரு காண்ட்ராக்டர். கடலுக்கு நடுவே தீவுகளில் குடியேறியவர்களுக்கு உழவு மாடு வேண்டும் என்று ஊர் ஊராக வாங்கிக்கொண்டிருந்தான். கப்பலில் மாடுகளுக்குத் தீனி போட்டுத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும், கூலியும் சாப்பாடும் போக வர டிக்கெட்டும் தருகிறேன் என்றான். அப்பா என்னையும் சித்தப்பாவையும் அனுப்பினார். என்னைவிட இரண்டு வயது இளைய தம்பி காட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. தம்பி நல்லவன், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான்.

செய்தி தெரிந்ததும் மாமன் வந்து குதித்தார்.

"கல்யாணத்த வெச்சிக்கிட்டுப் பையனக் கடல்ல அனுப்பறீங்களே, உங்களுக்கு என்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"ஆடி முடியறதுக்குள்ள வந்துருவான், மச்சான். கவலப்படாதீங்க" என்றார் அப்பா.

"வரலைன்னா முகூர்த்தத்தத் தள்ளமாட்டேன். இப்பவே சொல்லிப்புட்டேன். நாள் குறிச்ச பொண்ண வூட்ல வெச்சிக்கிட்டு ஊர் வாயில விழ என்னால ஆவாது."

அவர் சொன்னது அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆடி முடிய நாள் கிடந்தது.

புறப்படும்போது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கயிற்றைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கம் மாட்டை விற்போம், மாட்டின் கழுத்துக் கயிற்றை விற்கமாட்டோம். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிக்கொள்வான். நம் கயிற்றை அவிழ்த்து வந்து நம் கட்டுத்தறியிலேயே மாட்டிவிட வேண்டும். அதுவும் மாட்டோடு போய்விட்டால் அப்புறம் அந்தத் தறியில் மாடு நிலைக்காது. தீவில் ஒப்படைக்கும் வரை மாடு எங்கள் பொறுப்பு என்பதால் கயிறு மாற்றாமலே கிளம்பினோம். "மாடு போவட்டும்டா. கயித்த உட்டுட்டு வந்துராத" என்றார் அப்பா.

மதராஸ் துறைமுகத்தில் மாடுகளின் வயிற்றுக்குக் கீழே பட்டை கட்டி, கிரேனில் தூக்கிக் கப்பலுக்குள் இறக்கினார்கள். செவலை அந்தரத்தில் காலை உதறிக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அடித்தட்டில் மாடுகளோடு நாங்கள். சித்தப்பா கப்பல் நகர்ந்ததும் படுத்தவர், கரை வரும்வரை எழுந்திருக்கவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே எல்லா மாட்டுக்கும் நான்தான் தண்ணீர் காட்டினேன். போகட்டும், அதையெல்லாம் கஷ்டம் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் கல்யாணத்தை நோக்கித்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தீவின் பெரிய துறைமுகத்தில் மாடுகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து அவற்றைச் சின்னக் கப்பல் ஒன்றில் ஏற்றி, மற்ற தீவுகளில் இறக்கப் போவார்களாம். எங்கள் வேலை முடிந்தது. மதராஸ் திரும்பும் கப்பல் இரண்டொரு நாளில் கிளம்பும் என்றார்கள். சித்தப்பா இரண்டு டிக்கெட்டையும் மடியில் முடிந்துகொண்டு டீக்கடையில் உட்கார்ந்தார். அப்போதுதான் பார்க்கிறேன், கயிறு மாற்றுகிற பேச்சே இல்லாமல் எங்கள் மாடுகளைச் சின்னக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அந்த ஊர் ஆட்களுக்குக் கயிறென்றால் வெறும் கயிறு.

கடைக்கு ஓடிப் புதுக்கயிறு இரண்டு வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறினேன். கேட்டவனிடம் கயிற்றைக் காட்டினேன். மாட்டுக்காரன் என்று விட்டுவிட்டான். மயிலை சாதுவாக நின்று கழுத்தைக் கொடுத்தது. அந்த ஒன்றோடு இறங்கியிருந்தால்! செவலை மிரண்டு போயிருந்தது, பக்கத்தில் போனாலே கொம்பை ஆட்டியது. பெயரைச் சொல்லி, தாடையைச் சொறிந்து, ஈரத்தில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தேன். நடுவில் சங்கு ஊதியது கேட்டது. முடிச்சுதான் கண்ணில் இருந்தது.

மேலே வந்து பார்த்தால் கரை தள்ளிப் போய்விட்டது. சித்தப்பா துண்டை வீசிக்கொண்டு கரையோரமாக ஓடிவருகிறார். குதித்திருப்பேன், நீச்சல் கிணற்றில் பழகியதுதான். ஒருவன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

பிடித்தவன் கப்பல் சமையல்காரன், ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். அவன் ஒருவன்தான் அங்கே தமிழ் பேசினான். அதிகாரி இந்தியில் கத்தியதை எனக்குச் சொன்னான். டிக்கெட் இல்லாமல் ஏறியதற்கு மாட்டு வேலை செய்ய வேண்டும், கப்பல் எல்லாத் தீவையும் சுற்றிவிட்டுத்தான் திரும்பும், ஒருத்தனுக்காகத் திருப்ப முடியாது.

"முதல் தீவுல எறக்கி விடச் சொல்லுங்க. நான் எப்டியாச்சும் போயிக்கறேன்."

"எறங்கிராதீக தம்பி. அங்கெருந்து திரும்பி வர்றதும் இதே கப்பல்தான்."

பிறகென்ன, சுற்றினேன். மேல்தட்டில் யாரோ பெரிய ஆபீசரும் அவர் குடும்பமும் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தீவைக் கண்டபோதெல்லாம் பைனாகுலரில் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார்கள். நானும் பார்த்தேன். பச்சை மரம், வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். வயிறுதான் எரிந்தது. எங்கள் ஊரில் ஒரு மழைக்கு எத்தனை நாள் வானத்தைப் பார்த்திருக்கிறோம், இங்கே கேட்பாரில்லாமல் கொட்டுகிறது என்று அதற்கு வேறு கோபம். ஒரு தீவுக்கு எதிரே அலை அடங்கவில்லை என்று நங்கூரம் போட்டு நின்றோம். விடிந்தால் அதே தென்னைமரம், பொழுது சாய்ந்தால் அதே தென்னைமரம். நான் சமையல்காரனிடம் போய் ஆடியில் எத்தனை தேதி ஆகிறது என்று கேட்பேன். அவன் முதலில் பதில் சொன்னான். பிறகு, "சோத்தத் தின்னுங்க தம்பி" என்று மட்டும் சொன்னான். இரண்டு கயிற்றையும் இடுப்பில் சுற்றியிருந்தேன். ஒருமுறை ஆத்திரத்தில் அவிழ்த்துக் கடலில் எறியப் போனேன். கை வரவில்லை.

கடைசித் தீவில் எங்கள் ஜோடியை இறக்கினார்கள். துறை கிடையாது. பட்டையில் தூக்கித் தண்ணீரில் விட்டார்கள். கிணற்றடியைத் தவிர நீரைப் பார்க்காத மாடுகள் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நீந்தின. மயிலை முன்னால், செவலை பின்னால். மணலில் ஏறி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டன. யாரோ ஒரு பெண் ஓடிவந்து இரண்டின் நெற்றியையும் தொட்டுக் கும்பிட்டாள். மாடுகளுக்குக்கூடக் கரை கிடைத்துவிட்டது என்று நினைத்து, கப்பல் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

பெரிய துறைமுகத்துக்குத் திரும்பியபோது மதராஸ் கப்பல் போய் வெகுநாளாகியிருந்தது. சித்தப்பா காத்திருக்கலாம் என்றால், அத்தனை நாள் தங்கிச் சாப்பிட அவர் கையில் காசில்லை. என் டிக்கெட்டைக் கப்பல் ஆபீசில் சொல்லி அடுத்ததுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊருக்குத் தந்தி அடித்தேன். அடுத்த கப்பல் கிளம்பும்போதே ஆவணி பிறந்துவிட்டது. மாமன் சும்மா மிரட்டியிருப்பார், ஒரு முகூர்த்தம் தள்ளினால் குடியா முழுகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இண்டூரில் இறங்கி நடந்தேன். வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. எனக்காகத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நெஞ்சு துள்ளியது. கிட்டப் போனால் இலையெல்லாம் காய்ந்து தொங்குகிறது.

அப்பா வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார்.

"கயிறு கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். கல்யாணம்?"

பின்னாலிருந்து சித்தப்பாதான் சொன்னார். "உன் தந்தி வந்துச்சுடா. உசுரோட இருக்கறேன்னு தெரிஞ்சுது, என்னைக்கு வருவேன்னு தெரியல. மாமன் முகூர்த்தத்த உடமாட்டேன்னுட்டாரு. சனமெல்லாம் வந்துருச்சு, அரிசி ஊறிக் கெடக்குது. தம்பிய மணையில ஒக்கார வெச்சிட்டோம்."

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"பொண்ணுகிட்ட என்னாத்தடா கேக்கறது?"

தம்பி மாட்டுக் கொட்டகைப் பக்கம் தலையைக் குனிந்து நின்றிருந்தான். அவனை அடிக்கத்தான் போனேன். அவன் நகரவில்லை, அடி வாங்கத் தயாராக நின்றான். அவனையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அவனைத் தாண்டிப் போய், காலியாகக் கிடந்த தறியில் இரண்டு கயிற்றையும் மாட்டினேன்.

திரும்பி வந்தபோது வாசல் நிலையருகே ஒரு செம்புத் தண்ணீர் தரையில் இருந்தது. கையில் கொடுக்கவில்லை. எங்களில் தம்பி பெண்டாட்டி புருஷனின் அண்ணன் எதிரே நிற்கமாட்டாள். கதவுக்குப் பின்னால் புதுச்சேலையின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"தண்ணி வெச்சிருக்கறங்க" என்றாள்.

எடுத்துக் குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

அடுத்த தையிலேயே அந்தத் தறிக்கு வேறு ஜோடி வந்தது, நிலைத்தும்விட்டது. இத்தனை வருடமாக ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சாப்பாடு, தண்ணீர், எதற்கும் குறை வைத்ததில்லை. என் எதிரே மட்டும் அவள் ஒருநாளும் வந்து நின்றதில்லை.