கருங்கல்லில் சித்தி

காலை ஒன்பது மணிக்குக் காட்பாடியில் ரயில் ஏறினோம்: சித்தி, சித்தப்பா, நான். பெங்களூருக்கு இருநூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம். நான்கு மணி நேரம். அவ்வளவு நேரமும் சித்தப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

"சரோஜா, கடைசியா கேக்குறேன். அந்தம்மா முன்னால உக்காந்தப்போ புடவை கட்டியிருந்தியா, இல்லையா?"

"வந்து பாருங்களேன்" என்று சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அவர்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு சிற்பி, கன்னடக்கார அம்மாள். பெண்களை மட்டுமே செதுக்குவார். சித்தியும் சில மதியங்கள் அவர் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறாள். சிலை முடிவதற்குள் சித்தப்பாவுக்கு வேலூருக்கு மாற்றலாகிவிட்டது. இப்போது அந்த அம்மாளின் வாழ்நாள் வேலை முழுவதையும் பெங்களூர் அருங்காட்சியகத்தில் ஒன்றாக வைக்கிறார்களாம். 'நீயும் இருக்கிறாய், வா' என்று போன் செய்திருந்தார். அந்தச் சிலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் துணி கிடையாது என்று யாரோ சொன்னதிலிருந்து சித்தப்பாவுக்குத் தூக்கமில்லை.

ஒரு மணிக்கு இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர்.

"மியூசியத்துல என்ன சார் விசேஷம்?"

"அதான்யா எனக்கும் தெரியணும்" என்றார் சித்தப்பா.

கேள்விப்பட்டது பொய்யில்லை. கூடம் நிறையக் கல்லில் பெண்கள்: கால் நீட்டிப் படுத்தவர்கள், தலை துவட்டுகிறவர்கள், ஒருத்தி கொட்டாவி விடுகிறாள். யாருக்கும் துணியைப் பற்றிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. சித்தப்பா ஒவ்வொரு சிலையாகப் போய், கழுத்துக்குக் கீழே பார்வை இறங்காதபடி கையை விசிறி போல் பிடித்துக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார். 'இது இல்லை' என்று பெருமூச்சு விட்டு அடுத்ததற்குப் போனார். நான்காவது சிலையில் காவலாளி வந்துவிட்டார்.

"சார், ஸ்வல்ப தள்ளி நில்லுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"என் சம்சாரத்தைத் தேடுறேன்பா!"

காவலாளி சித்தியைப் பார்த்தார். சித்தி கூரையைப் பார்த்தாள்.

கடைசி அறையில் இருந்தது. ஏழடி உயரக் கருங்கல். இடுப்பில் கை, இழுத்துச் செருகிய முந்தானை, பேச்சின் நடுவில் திறந்த வாய். சித்திதான். கொசுவம் முதல் மாராப்பு வரை மடிப்பு மடிப்பாகப் புடவை. சித்தப்பா சுவரில் சாய்ந்து, "முருகா!" என்றார்.

அப்புறம்தான் சிலையின் காலடியைப் பார்த்தோம். அங்கே ஒரு சாண் உயரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். முன்வழுக்கை, மூக்குக்கண்ணாடி, விடைத்த காது. உடம்பில் பேப்பரைத் தவிர வேறொன்றும் இல்லை.

காவலாளி குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். "சார், இது நீங்களா?"

அதற்குள் சிற்பியே வந்துவிட்டார். கிராப்பு வெட்டிய நரைத்த தலை, கையில் ஊன்றுகோல். சித்தப்பா அவரை விடவில்லை.

"ஏம்மா, எனக்கு மட்டும் ஏன் துணியில்ல?"

"நீங்க அன்னிக்கு வெறும் துண்டுல இருந்தீங்க, ராயரே. கருங்கல்லுல ஈரத்துண்டு செதுக்கறது தும்ப கஷ்டம்" என்றார் அவர். "உங்க வீட்டுக்குச் சக்கரை கேக்க வந்தேன். சரோஜா பேசிட்டே இருந்தா. பத்து நிமிஷம் வாசல்ல நின்னேன். நீங்க ஒரு வாட்டிகூட நிமிந்து பாக்கலை."

சித்தி இது எதையும் கவனிக்கவில்லை. அண்ணாந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இவ்ளோ பெரிசாவா இருந்தேன்?" என்றாள், யாரையும் கேட்காமல்.

எங்கள் வேலூரிலும் நாற்சந்திக்கு ஒரு சிலை உண்டு. எல்லாம் விரலை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆண்கள். வீட்டில் பேசியதற்காக ஒரு பெண்ணுக்கு அங்கே யாரும் சிலை வைத்ததில்லை.

மறுநாள் பிற்பகல் ரயிலில் திரும்பினோம். பங்காருப்பேட்டை தாண்டியதும் சித்தப்பா சித்தியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கு அப்படி என்னதான் சொல்லிட்டிருந்தே?"

சித்தி சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள். குப்பம் போனது, ஜோலார்ப்பேட்டை போனது, ஆம்பூரும் போனது. காட்பாடியில் இறங்கும்போது, பாதிதான் முடிந்திருக்கிறது என்றாள்.