பியானோவின் தலையில் குத்துவிளக்கு

டயகம தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்த ஜெயந்தினி இன்று கொழும்பிலும் வெளிநாடுகளிலும் மேடையேறும் பியானோ கலைஞர். நுவரெலியாவில் விடுதியில் தங்கிப் படித்தபோது, பள்ளிக்கூடத்து ஜெப மண்டபத்தில் ஒரு பியானோ இருந்தது. மற்றப் பிள்ளைகள் குளிருக்குப் பயந்து போர்வைக்குள் சுருண்டிருக்க, இவள் விரல் விறைக்க விறைக்க அதில் பழகினாள். பிறகு பரீட்சைகள், பெரிய மண்டபங்கள். ஒரே ஒரு குறை. கொழுந்து பறிக்கும் அம்மா ராசம்மா, மகள் வாசித்து நேரில் கேட்டதேயில்லை. மலையிறங்கும் பஸ்ஸில் ஏறினாலே அவருக்கு வாந்தி.

அதனால் சென்ற மாதம் தோட்டத்து மண்டபத்திலேயே அம்மாவுக்காக வாசிக்க வந்தாள். நுவரெலியாவிலிருந்து லொறியில் பியானோவை ஏற்றி வந்தவன் நான். நடந்த அசிங்கம் முழுவதையும் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

தொழிற்சங்கத் தலைவர் கந்தப்பன் வந்ததும் அவளுடைய கச்சேரி அவருடைய கூட்டமாகிவிட்டது. ராசம்மாவை முன்வரிசையிலிருந்து எழுப்பிக் கடைசிக்கு அனுப்பினார்கள். விளக்கேற்றாமல் விழா தொடங்கக் கூடாதாம், சரி, ஏற்றட்டும். தலைவருக்கு இடுப்பு வலி, குனிய முடியாதாம். குத்துவிளக்கைத் தூக்கிப் பியானோவின் தலையிலேயே வைத்தார்கள்.

"அதுல வைக்காதீங்க," என்று ஜெயந்தினி எழுந்தாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. நல்ல காரியந்தானே," என்றார் தலைவர்.

போட்டோவுக்கு முண்டியடித்ததில் யாருடைய முழங்கையோ பட்டது. விளக்கு சாய்ந்து, தேங்காயெண்ணெய் கட்டைகளின் இடுக்கெல்லாம் இறங்கியது. அமுக்கிய கட்டை எழும்பவில்லை. எவனுக்காவது வெட்கம் வந்ததா? அணைந்த திரியை மறுபடி கொளுத்தினார்கள், அவ்வளவுதான். பிறகு மாலை, பொன்னாடை, பேச்சு, பேச்சுக்குப் பாராட்டு, கைதட்டல். 'மலையகத்தின் பெருமை' என்று முழங்கிய வாய்களில் ஒன்றுகூட அவளை வாசிக்கச் சொல்லவில்லை. தனக்குப் போர்த்திய பொன்னாடையாலேயே அவள் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நன்றியுரை முடிந்து தலைவரின் வாகனம் போனதும் மண்டபம் காலியானது. ராசம்மா தயங்கித் தயங்கி மேடையருகே வந்தார்.

"நான் தண்ணி குடிக்க வெளிய போனேன்ல, அப்ப வாசிச்சிட்டியா?"

"இல்லம்மா. நான் வாசிக்கவே இல்ல."

ராசம்மா மகளின் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எதுக்கும்மா எல்லாரும் கை தட்டுனாங்க?"