முக்காலின் மேல்முறையீடு

கண் மருத்துவமனையின் பின்பக்க அறையில், பெரிதாகத் தொடங்கிப் பொடியாக முடியும் எழுத்துப் பலகைக்கு எதிரே, முக்கால் என்பவள் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் கண்முன் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று கேட்டே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. வீட்டில் கணவர் இரண்டு சட்டைகளைத் தூக்கிக் காட்டினால், "ரெண்டுமே மங்கல்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

மருத்துவமனையில் அவள் மேடம். முக்கால் என்று கூப்பிடுவது உலகத்திலேயே மூன்று பேர்தான். மூவரும் பல்கலைக்கழக விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவர்கள். இன்றும் தொலைபேசியில் "என்ன முக்கால்!" என்று ஒரு குரல் கேட்டால் போதும், அவள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வாள். நாலு கட்டில், ஒரே ஒரு மின்விசிறி, யார் கட்டில் அதற்கு நேர் கீழே என்று வாரம் தவறாமல் சண்டை. அந்த அறையைப்போல ஒரு அறை அவளுக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

அந்தப் பெயர் வந்த கதை இது. அவள் உதவித்தொகையில் படித்தவள். அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அது நிற்காமலிருக்க இரண்டு விதிகள் இருந்தன. சராசரி மதிப்பெண் ஒரு கோட்டுக்குக் கீழே போகக்கூடாது. எடுத்த பாடங்களில் முக்கால் பங்கையாவது தேறி முடிக்க வேண்டும். முதல் விதியை அவள் சாமி கும்பிடுகிற மாதிரி தினமும் நினைத்துக்கொண்டாள். இரண்டாவது விதி அதே பக்கத்தில் அடியில்தான் இருந்தது. அவள் கண்ணில் படவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஆறு பாடங்கள். ஒன்றில் ஏற்கெனவே தவறியிருந்தாள். ஒளியியல் வேறு உதைத்தது. ஒளி வில்லைக்குள் எப்படி வளைகிறது என்று ஆசிரியர் பலகையில் கோடு போடும்போதெல்லாம் இவளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. இதிலும் தவறினால் சராசரி கவிழ்ந்துவிடும். யோசித்தாள். பாடத்தை விலக்கிக்கொள்ளக் கடைசி நாளன்று போய்க் கையெழுத்துப் போட்டு, ஒளியியலிலிருந்து விலகிக்கொண்டாள். விலகிய பாடம் சராசரியில் சேராது. அன்று மாலை அறைத்தோழிகளுக்கெல்லாம் அவள் செலவில் தேநீர். அப்படி ஒரு கெட்டிக்காரத்தனம்!

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சராசரி தப்பித்தது. ஆனால் ஆறில் நாலு முக்கால் ஆகவில்லை; அந்த முக்காலே அறையில் அவளுக்குப் பெயராகிவிட்டது. விலகிய பாடமும் எடுத்த பாடம்தான் என்று உதவித்தொகைப் பிரிவில் இருந்த பெண் அலுவலர் பொறுமையாக விளக்கினார். "ஒளியியல் எழுதித் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தாக்கூட அஞ்சு ஆகியிருக்கும்மா, தப்பிச்சிருப்ப."

தொகை நின்றது. ஒரே ஒரு வழி, மேல்முறையீடு. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் குழு மன்னிக்கும். பயந்துபோய் விலகினேன் என்பது காரணத்தில் சேர்த்தியில்லை. அறையில் ஆலோசனை நடந்தது. மாமாவைக் கொன்றுவிடலாம் என்றாள் ஒருத்தி. அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே ஏகப்பட்ட மாமாக்கள் செத்திருக்கிறார்கள், எடுபடாது என்றாள் இன்னொருத்தி.

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லிப் படிக்கக்கூடாதா?" என்றாள் மூன்றாமவள்.

அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதால் படிக்க முடியவில்லை என்று முக்கால் எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது கை கூசியது. எழுதத்தான் செய்தாள்.

விசாரணைத் தேதியைக் குறித்து அனுப்பிய கடிதத்தின் நகல் வீட்டுக்கும் போகும் என்று மூன்று ஆலோசகர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. நகலில் காரணம் இல்லை, தேதி மட்டும்தான். மகளுக்கு ஏதோ ஆபத்து என்று அம்மா முதல் பேருந்தைப் பிடித்து வந்துவிட்டார். முக்கால் உள்ளே குழுவின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், நடைவழி பெஞ்சில் துணிப்பையோடு அம்மா இருப்பதைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கும்மா?" என்று தலைவர் கனிவாகக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து வெளியே காற்றில் ஒரு ஜன்னல் படார் படார் என்று அடித்தது. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் அசையவில்லை. பையைக் கீழே வைத்தார், செருப்பைக் கழற்றினார், பெஞ்சின்மேல் ஏறினார், எட்டி ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டு லேசாகக் குதித்து இறங்கினார். குழு மொத்தமும் அதைப் பார்த்தது.

"யாரும்மா அது?"



"எங்கம்மா."

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். குழு திட்டவில்லை; மனுவைத் தள்ளுபடி செய்தது. ஒரு பருவத்துக்குத் தொகை கிடையாது. சொந்தச் செலவில் படித்து, ஒளியியலும் சேர்த்து எல்லாவற்றிலும் தேறினால் திரும்பக் கிடைக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில், மனுவில் என்ன எழுதினாள் என்பதை மகள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பேருந்து கிளம்பும் நேரத்தில் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"படுக்கையில போட்டதுதான் போட்ட, ஒரு நாலு நாள் நிம்மதியா படுக்கவாவது விட்டிருக்கலாம்லடி?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். முக்காலால் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பருவம் முழுக்க அம்மா இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சேர்த்துத் தைத்தார். தோழிகள் மூவரும் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த கட்டிலைச் சண்டையில்லாமல் இவளுக்குக் கொடுத்தார்கள், படிக்கட்டும் என்று. முக்கால் ஒளியியலைக் கட்டிப்பிடித்து அழுது தேறினாள். தொகை திரும்பியது. படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது. பயந்து ஓடிய அந்தப் பாடமே இன்றுவரை அவளுக்குச் சோறு போடுகிறது. அம்மாவுக்கு முதல் கண்ணாடியைப் போட்டுவிட்டவளும் அவள்தான். தைத்துத் தைத்து மங்கிய கண்கள் அவை. ஊசியில் நூல் கோத்துக் காட்டி அம்மா பெருமைப்பட்டார்.

அம்மாவின் கடைசி மாதங்கள் முக்காலின் வீட்டில் கழிந்தன. இடுப்பு எலும்பு முறிந்து, உண்மையாகவே படுத்த படுக்கை. ஒரு மத்தியானம் முக்கால் அம்மாவுக்குத் தலைகாணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். காற்றுக்கு ஜன்னல் படாரென்று அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அம்மாவின் வாய் கோணி, பழைய சிரிப்பு வந்தது.

"இப்பக் கொண்டுபோய்க் குடுடி அந்த மனுவை. இந்தத் தடவை நான் ஏறிச் சாத்த மாட்டேன்."

முக்கால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கொக்கியைப் போட்ட பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.