பாசிர் ரிஸ் வீட்டுத் தூளி

1. மஞ்சள்

கதவைத் திறந்த பிரபு சிரித்த முகமாக, "வாங்க சிஸ்டர், இப்பத்தான் தூங்குனான்" என்றார். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் நர்ஸ்களான எங்களை மிஸ்ஸி என்பார்கள். சிஸ்டர் என்று கூப்பிட்டால் தமிழ்நாட்டிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை என்று அர்த்தம்.

கையைக் கழுவிக்கொண்டு தூளியை விலக்கிப் பார்த்தேன். பிள்ளை தூங்கவில்லை, துவண்டு கிடந்தான். இமையைத் தூக்கினால் வெள்ளை விழி எலுமிச்சை நிறத்தில் இருந்தது. மஞ்சள் நெஞ்சைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, பாதம் வரை இறங்கியிருந்தது.

பிரசவமாகி வீடு திரும்பிய தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கே போய்ப் பார்த்து வருவதுதான் ஓய்வு பெறும் வரை என் வேலை. நிறைய வீடுகள் மறந்துவிட்டன. இந்த வீடு மறக்கவில்லை. ஹோம் விசிட் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பிரபு சாங்கி விமான நிலையத்தில் விமானம் பழுது பார்க்கும் டெக்னிஷியன். மனைவி கௌசல்யா. இருவரும் மன்னார்குடிப் பக்கம். பாசிர் ரிஸ் கடற்கரைக்கு எதிரே, உயரமான மாடியில், வாடகை வீடு. வந்த புதிதில் ஜன்னலில் நின்று கப்பல் பார்ப்பதே கௌசல்யாவுக்குப் பொழுதுபோக்கு. பிறகு கடல் காற்று தன் வேலையைக் காட்டியது. செருப்பில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை, சாமி படத்துக்குப் பின்னாலும் பூஞ்சை. துணி இருக்கும் இடத்திலெல்லாம் பாச்சை உருண்டை போட்டு வை என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொடுத்தார்கள். அலமாரியில் போட்டாள். கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸில் இன்னும் தாராளமாகப் போட்டாள். அதில்தான் அவள் அம்மாவின் நூல் புடவைகள் இருந்தன. கல்யாணம் ஆன மறுவருஷமே அம்மா தவறிவிட்டார்.

பிள்ளை பிறந்ததும் ரத்தப் பரிசோதனையில், ரத்த அணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவு என்று வந்தது. நம் ஜனங்களிடம் இது அரிதல்ல. இந்தக் குழந்தைகளுக்குச் சில மருந்துகள் ஆகாது. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலினும் ஆகாது. அதன் வாசனையைச் சுவாசித்தாலே போதும், ரத்த அணுக்கள் உடைந்து காமாலை ஏறும். ஏற விட்டால் மூளையைத் தொட்டுவிடும். காது கேட்காமல் போகலாம். உயிரும் போகலாம். மருத்துவமனையில் இதை எடுத்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். பிரபு அன்றே வீடு முழுக்கத் தேடி உருண்டைகளை எல்லாம் குப்பையில் கொட்டினார். போனில் நானும் கேட்டேன். ஒன்றுகூட இல்லை என்றார். அது உண்மைதான்.

2. கேள்விகள்

மருந்து ஏதாவது கொடுத்தீர்களா, நாட்டு மருந்து, உரை மருந்து, தைலம் என்று கேட்டேன். எதுவும் இல்லை என்றாள் கௌசல்யா. நேற்றிலிருந்து பால் சரியாகக் குடிக்கவில்லை, டயப்பரில் டீ நிறத்தில் கறை என்றாள். காமாலை இவ்வளவு வேகமாக ஏற வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். தலை தூளிக்குள் போனதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. ஜன்னல் திறந்து கிடந்ததால் வீட்டில் தெரியவில்லை. தூளிக்குள் அப்படியே தேங்கி நின்றது.

"இது எந்தத் துணிம்மா?"

"எங்கம்மா புடவை சிஸ்டர். எங்க பக்கம் பச்சப்புள்ளைய புதுத்துணியில போட மாட்டாங்க."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"சூட்கேஸ்லதான். உருண்டை எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டுத்தான் கட்டுனோம்."

நம் ஊர்க் கடைகள் இருக்கும் சிராங்கூன் ரோட்டில் தேடி வாங்கிய இரும்பு ஸ்டாண்டில், அந்தப் புடவையை அவள் எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாள் என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. இதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உருண்டை கண்ணுக்குத் தெரியும், எடுத்து எறிந்துவிடலாம். மாதக்கணக்கில் நூலில் ஊறியது தெரியாது. அந்த வாசனையிலேயே குடித்தனம் செய்தவர்களுக்கு மூக்கும் பழகிப்போயிருந்தது.

மருத்துவமனையில் காமாலை இறங்கப் பிள்ளையை நீல விளக்கின் அடியில் போட்டார்கள். அளவு இறங்கவில்லை. ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். பிரபு கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். மனைவியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதற்காகவே பிரபுவை எனக்குப் பிடிக்கும்.

வெளியே பெஞ்சில் கௌசல்யா என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா புடவைதான் இப்படிப் பண்ணுச்சா சிஸ்டர்?"

"புடவை இல்லம்மா. அதுல ஊறியிருந்த உருண்டை."

"உருண்டைய வெச்சது நான்தானே."

யூனிஃபார்மில் அழக் கூடாது என்று ஜூனியர்களை விரட்டிக்கொண்டிருந்த நான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

3. வாசனை

பிள்ளை பிழைத்தான். காமாலை இறங்கியது. பிறகு பரிசோதித்துப் பார்த்ததில் காது நன்றாகக் கேட்டது. பிரபு அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த முறை நான் போனபோது பிள்ளை கட்டிலில், புதிதாக வாங்கித் துவைத்த துணியில் கிடந்தான். பால் குடித்துக் கன்னம் உப்பியிருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டிருந்த மூங்கில் கழியில் அந்தப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் வைத்தே அதைக் குப்பையில் போடச் சொல்லியிருந்தேன். அவள் போடவில்லை. திரும்பத் திரும்பத் துவைத்து, வெயிலிலும் கடல் காற்றிலும் போட்டுப் போட்டு எடுத்திருக்கிறாள்.

பிள்ளைக்கு இது வேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள். கழியை இழுத்துப் புடவையை எடுத்து என்னிடம் நீட்டினாள். முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது.

"உருண்டை வாசனை போயிருச்சுல்ல சிஸ்டர்?"

போய்விட்டது என்றேன். புடவையைத் திரும்ப வாங்கி, தன் முகத்தில் வைத்து முகர்ந்தாள்.

"அம்மா வாசனையும் போயிருச்சு" என்றாள்.

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், உருண்டை இருக்கிறதா என்ற கேள்வியோடு நான் நிறுத்தியதில்லை. ஊரிலிருந்து என்ன கொண்டுவந்தீர்கள், பிள்ளைக்கு எதை எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். நேரமாகும், அடுத்த விசிட் தள்ளிப்போகும், சூப்பர்வைசர் திட்டுவார். பரவாயில்லை, உட்கார்ந்து பாருங்கள். முகர்ந்து பாருங்கள். ஆகாத துணி என்றால் அந்த நிமிஷமே பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் தூக்கிப் போடு என்று சொல்வதற்கு முன்னால், அது யாருடையது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.