கல்வெட்டிலை மாறிப்போன தியறி

நேற்று என்ரை மகன் கஜன்ரை முப்பத்தொண்டாம் நாள்.

இந்தக் குறூப்பிலை நான் எழுதிறது இதுதான் முதல் தரம். கஜன்ரை போனிலையிருந்து எழுதிறன். அவன்ரை பேரைக் கண்டு ஆரும் திடுக்கிட்டிருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவன் இல்லை, தாய்!

(எட்டாம் வகுப்போடை நிண்டனான். பிழை இருந்தால் விளங்கி வாசியுங்கோ.)

விடிய ஐஸ் கொம்பனிக்கு வேலைக்குப் போகேக்கை மோட்டச்சைக்கிள் அடிபட்டு முடிஞ்சவன். இருபத்திமூண்டு வயது. அதைப்பற்றி அதுக்கு மேலை எழுத ஏலாது.

நீங்கள் எல்லாரும் பாக்கிற அந்த விண்வெளிக் கப்பல் நாடகமெண்டால் அவனுக்குப் பைத்தியம்.

கப்பலின்ரை கடைசியிலை ஒரு கதவு. பதினொரு பேர் உள்ளுக்கை போகினம். ஒருத்தரும் திரும்பி வரேல்லை. ஏன் எண்டு மூண்டு சீசனாச் சொல்லேல்லையாம். அதுக்குத்தான் இங்கை ஆளாளுக்குத் தியறி எழுதிறியள்.

எனக்கு உந்த நாடகம் விளங்கிறேல்லை. சோறு போட்டுக் குடுத்திட்டுப் பக்கத்திலை இருப்பன்.

"அம்மா, அந்தக் கதவுக்கு அங்காலை என்ன? சொல்லுங்கோ பாப்பம்."

"குசினியாயிருக்கும். அதுக்கை சமைக்கப் போனால்தான் வெளியிலை வரேலாது!"

விழுந்து விழுந்து சிரிப்பான். ஆனால் உன்ரை தியறி என்னடா எண்டு கேட்டால், "உங்களுக்கு விளங்காதம்மா" எண்டு போனுக்கை பூந்திடுவான்.

வேறை ஊர் ஆக்களுக்குச் சொல்லுறன். எங்கடை பக்கம் ஆள் செத்து முப்பத்தொண்டாம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறது. செத்தவையின்ரை படம், தேவாரம், பரம்பரை, படிச்ச பட்டம், போன நாடு எல்லாம் போட்டு ஒரு சின்னப் புத்தகம். வந்த ஆக்கள் ஆளுக்கொண்டு கொண்டுபோவினம்.

கஜனுக்குப் போட என்ன கிடக்கு? பட்டம் இல்லை. வெளிநாடு இல்லை. கலியாணம் இல்லை. தேவாரம் போட்டும் நாலு பக்கம் வெள்ளையாக் கிடந்தது.

"அவன்ரை தியறியைப் போடுவம்" எண்டன்.

என்ரை மூத்த அண்ணை குதிச்சார்.

"செத்தவீட்டுக் கல்வெட்டிலை நாடகக் கதையோ? சனம் சிரிக்கும், பிள்ளை!"

"சிரிக்கட்டும் அண்ணை. அவன் தானாய் யோசிச்சு எழுதினது அது ஒண்டுதான்."

போனைத் திறந்து தேடினன். படங்களுக்குள்ளை ஒரு நீட்டுத் தியறியைப் படமா எடுத்து வைச்சிருந்தவன். மேலை "நீலக்கோள்" எண்டு ஒரு பேர். அவன் வைச்ச இரண்டாம் பேராக்கும் எண்டு நினைச்சன். (இங்கை பாதிப் பேருக்குச் சொந்தப் பேர் இல்லைத்தானே!)

வாசிச்சன். கதவுக்கு அங்காலை போனவை சாகேல்லையாம். அங்கை நேரம் மெல்ல ஓடுதாம். எங்களுக்கு மூண்டு வருசம், அவைக்கு ஒரு மூச்சு விடுற நேரமாம். இப்பத்தான் உள்ளுக்கை கால் வைச்சுத் திரும்பிப் பாக்கினமாம். கதவு திறந்தால், "ஏன் எல்லாரும் இப்பிடி வயசுபோய் நிக்கிறியள்?" எண்டு கேப்பினமாம்.

என்ரை பிள்ளை எனக்கெண்டே எழுதி வைச்சிட்டுப் போனமாதிரி இருந்தது.

ஒரு நாள் முழுக்க இருந்து கொப்பியிலை பாத்து எழுதினன். பிறின்ற் அடிக்கிற தம்பி, "அக்கா, இது தேவாரத்துக்கு முதலோ, பிறகோ?" எண்டு கேட்டார். பிறகு எண்டன். முதல் சுவாமி!

நேற்றுக் கீரிமலைக் கடற்கரையிலை அவனுக்குச் செய்யிற கடமை முடிச்சு வந்து, வீட்டிலை சாப்பாடு. கோப்பாயிலையிருந்து, பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற ஒரு ரீச்சர் பிள்ளை பஸ்ஸிலை வந்தவ. கஜனை நேரிலை கண்டதில்லையாம், இந்தக் குறூப்பிலைதான் பழக்கமாம்.

கல்வெட்டைப் பிரிச்சவ அந்தப் பக்கத்திலை அப்பிடியே நிண்டிட்டா.

"அம்மா, இதை ஆர் தந்தது?"

"அவன் எழுதினது, பிள்ளை. போனிலை கிடந்தது."

அவ அந்தப் பக்கத்தைத் திருப்பியும் வாசிச்சா. சாப்பாட்டிலை கை வைக்கேல்லை.

"என்ன பிள்ளை, ஏதும் பிழையோ?"

"அம்மா... அந்த நீலக்கோள் நான்தான்."

இரண்டு வருசமா உந்த விசயத்துக்குக் கஜனோடை சண்டை பிடிச்ச ஆள் அவதானாம்! மறுத்து எழுதத்தான் அவன் அதைப் படம் எடுத்து வைச்சிருக்கிறான். நான் அவன் மறுத்ததைக் கொண்டுபோய் அவன்ரை கல்வெட்டிலை அடிச்சுப்போட்டன்.

அண்ணை பக்கத்திலை நிண்டு கேட்டவர். "சரி விடு, பிள்ளை. உதை ஆர் வாசிக்கப்போகினம்?"

அந்தச் சொல்லுத்தான் எனக்குக் குத்திச்சுது.

"அப்ப அவன் எழுதினது என்ன?" எண்டு ரீச்சர் பிள்ளையைக் கேட்டன்.

"வேண்டாம் அம்மா. பிறகு ஒரு நாளைக்குப் பாப்பம்."

"காட்டுங்கோ பிள்ளை."

தன்ரை போனிலை காட்டினா. மூண்டு வரி.

"கதவுக்கு அங்காலை ஒண்டும் இல்லை. போனவை போனவைதான். வருவினம் எண்டு நாங்கள்தான் சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறம்."

இதைத்தான் எனக்கு விளங்காது எண்டு சொன்னவன்.

அவ என்ரை கையைப் பிடிச்சா. "அவன் நாடகத்தைத்தான் சொன்னவன், அம்மா."

"ஓம் பிள்ளை. தெரியுது."

போகேக்கை சொன்னா, "என்ரையை வெட்டிப்போட்டு அவன்ரையை எழுதுங்கோ அம்மா. அதுதான் நியாயம்." தங்கமான பிள்ளை. உங்கடை எழுத்தைக் கேக்காமல் அடிச்சதுக்கு இங்கை எல்லாருக்கும் முன்னாலை மன்னிப்புக் கேக்கிறன், ரீச்சர்.

இண்டைக்கு விடிய, மிஞ்சின கல்வெட்டுகளை எடுத்து வைச்சுப் பேனையாலை எழுதத் தொடங்கினன். ரீச்சரின்ரையை வெட்ட மனம் வரேல்லை. அதுக்குக் கீழை கஜன்ரை மூண்டு வரியையும் எழுதினன். ஏழு புத்தகம் முடிஞ்சுது. எட்டாவதிலை "போனவை" எண்டு எழுதினன். அடுத்த சொல்லுக்குக் கை போகுதில்லை.

அப்பிடியே மூடி வைச்சிட்டு வந்துதான் இதை எழுதிறன்.

அவன் சொன்னதை மறைச்சால் அது அவன்ரை கல்வெட்டு இல்லை. எழுதினால் நானும் என்ரை கையாலை அதை ஒத்துக்கொண்டமாதிரி.

நீங்கள் நாடகத்தை முழுக்கப் பாத்த ஆக்கள். என்ரை மனம் நோகும் எண்டு பாக்காமல் சொல்லுங்கோ.

கதவுக்கு அங்காலை ஆரும் நிக்கினமோ?