கேட்டால் இல்லையென்னாத தில்லைநாயகம்

"நம்ம வண்டி ஒண்ணு நிக்கில்லா, ஒங்க வண்டி மாதிரி நெனச்சுக்கிடுங்க" என்று சொல்லும்போதே தில்லைநாயகத்தின் வலது கை இடுப்புக்குப் போய்விடும். வேட்டி மடிப்புக்குள், அரைஞாண் கயிற்றில், கார் சாவி இருக்கிறதா என்று விரல் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளும். வாய் தானம் செய்யும், கை காவல் காக்கும். இலஞ்சியில் அவர் தெருவில் இந்த வாசகத்தைக் கேட்காத வீடு கிடையாது. கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த வண்டியில் ஏறியதும் கிடையாது.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு, பிள்ளைகள் வெளியூரில். ஓய்வு பெற்ற வருஷம் வெள்ளையில் ஒரு கார் வாங்கினார். ஐந்து வருஷத்தில் அது ஓடியது ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். அதிலும் பெரும்பகுதி சர்வீசுக்காகத் திருநெல்வேலி போய் வந்தது. மற்ற நாளெல்லாம் இரண்டு உறை போர்த்திக்கொண்டு ஷெட்டில் நிற்கும். வெளி உறை மழைக்கு. உள் உறை எதற்கென்றால், வெளி உறை உரசி வண்டியில் கோடு விழக்கூடாதே, அதற்கு. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டையும் கழற்றி, கேட் வரைக்கும் வண்டியை விட்டு, சாம்பிராணி காட்டி, மறுபடி பின்னால் எடுத்து மூடி வைத்துவிடுவார்.

அவர் போய் வருவதெல்லாம் டவுன் பஸ்ஸில்தான். கார் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறீர்களே என்று கண்டக்டர் கேட்டால், சீசனில் குற்றாலத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்பார். சீசன் இல்லாத ஒன்பது மாதத்துக்கும் அதே பதில்தான்.

இல்லை என்று மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது மரியாதைக் குறைச்சல், அவர் குடும்பத்தில் பழக்கமில்லாதது. யார் வந்து கேட்டாலும் முதல் வார்த்தை "அதுக்கென்ன". இரண்டாவது வார்த்தைக்குள் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டயரில் காற்று போயிருக்கும், அல்லது அஷ்டமி வந்திருக்கும். மூன்று வீடு தள்ளியிருக்கும் ஆனந்தவள்ளி டீச்சர் மகள் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை அழைப்புக்கு வேண்டுமென்று கேட்டார். இதையெல்லாமா கேட்க வேண்டும், உங்கள் வண்டிதானே என்று உருகிவிட்டார் மனிதர். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் போய், வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, மாப்பிள்ளை ஏறுகிற வண்டி, சகுனம் பார்க்க வேண்டாமா என்று ஒரு வெற்றிலைத் தட்டோடு வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தார். டீச்சர் அந்த நேரத்துக்குமேல் அலைந்து வாடகைக் கார் பிடித்தார்.

எச்சில் கையால் காக்கா விரட்டாதவர் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். முகத்துக்கு நேரே அண்ணாச்சி மனசு யாருக்கு வரும் என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னதை மட்டும் அவர் நம்பினார். தாராளமாக இருப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்? சொல்லுக்கு என்ன காசா பணமா?

எதிர்வீட்டு முப்பிடாதி ஒருவருக்குத்தான் இந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு, தை மாசம் ஊரோடு வந்து சேர்ந்தவர். அங்கே சொன்னால் சொன்னதுதான். பால் காய்ச்சுக்குப் போன தில்லைநாயகம் பழக்க தோஷத்தில் தன் வாசகத்தைச் சொல்லிவைக்க, அவர் "சரி அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அன்றிலிருந்து தில்லைநாயகம் உஷாராகிவிட்டார். போனில் முப்பிடாதி பெயர் வந்தால் எடுப்பதே இல்லை. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார்.

இந்த ஆனிக் கடைசியில் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் எண்ணெய்க் கிண்ணமும் துண்டுமாக ஐந்தருவிக்குப் பஸ் ஏறினார். அருவியில் சாவி போய்விடும் என்பதால் குளிக்கப் போகிற நாளில் மட்டும் அது வீட்டில் தங்கும், பூஜை அலமாரியில் விபூதிச் சம்படத்துக்கு அடியில். அந்த இடம் மனைவி யோகலட்சுமிக்குத் தெரியாது என்பது அவர் எண்ணம். அந்த அலமாரியைத் தினம் துடைக்கிறவளே அவள்தான்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. முப்பிடாதி. விட்டுவிட்டார். மறுபடியும் அடித்தது. ஏழு தடவை. ஒரு மனுஷன் நிம்மதியாகக் குளிக்கக்கூட விட மாட்டான்கள் போலிருக்கிறதே என்று பக்கத்தில் நின்றவரிடம் சலித்துக்கொண்டு, போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, அருவிக்குள் தலையைக் கொடுத்தார்.

அந்த நேரம் யோகலட்சுமி வீட்டுக் கொல்லைப்புறத்தில், பாசியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்தவர் முப்பிடாதி. ஆட்டோவெல்லாம் சீசன் கூட்டத்துக்குக் குற்றாலம் போய்விட்டன. ஏழு தடவை போன் அடித்துப் பார்த்துவிட்டு எட்டாவது தடவை அவர் அடிக்கவில்லை. சாவி எங்கே மதினி என்று கேட்டார். அவள் இடது கையால் பூஜை அலமாரியைக் காட்டினாள். இரண்டு உறையையும் உருவிப் போட்டுவிட்டு, கால் மணி நேரத்தில் அவளைத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். எலும்பு முறிவு, மாவுக்கட்டுப் போட வேண்டும் என்றார்கள். மாற்றுப் புடவை எடுத்துவர முப்பிடாதி தனியாகத் திரும்பியபோதுதான், சுற்றுலா வேன் ஒன்று வளைவில் முந்திக்கொண்டு எதிரே வந்தது. அதற்கு வழி விட்டு ஒடித்ததில் கார் தலைகுப்புற வாய்க்காலில் இறங்கியது. நெற்றியில் சிராய்ப்போடு ஏறி வந்தவர், யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய், புடவையை எடுத்து, ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

செய்தி இரண்டும் தில்லைநாயகத்துக்கு ஒரே மூச்சில் வந்தன. மனைவி ஆஸ்பத்திரியில், கார் வாய்க்காலில். முதலில் வாய்க்காலுக்குத்தான் போனார். பஸ் அந்த வழியாகப் போகிறது, இறங்கிப் பார்க்காமல் எப்படிப் போவது என்று பிற்பாடு அவரே விளக்கம் சொன்னார்.

ஒர்க்‌ஷாப்பில் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தெம்பாக விண்ணப்பம் போட்டார். விசாரிக்கக் கம்பெனி சார்பில் நாசர் என்று ஒருவர் திருநெல்வேலியிலிருந்து பைக்கில் வந்தார். பேச்சு கம்மி, பேனா ஓயாது. முப்பிடாதியின் லைசென்சை வாங்கிப் பார்த்தார். அது சித்திரையோடு காலாவதி. பனிமலையில் சங்கிலி கட்டிய டயரோடு லாரி ஓட்டியவர், இலஞ்சியில் புதுப்பிக்க மறந்துவிட்டார்.

நாசர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். லைசென்ஸ் இல்லாதவருக்கு ஓனர் மனமறிந்து வண்டியைக் கொடுத்திருந்தால் கம்பெனி ஒரு பைசா தராது. ஓனருக்குத் தெரியாமல், அனுமதி இல்லாமல் எடுத்திருந்தால் போராடிப் பார்க்கலாம். அதற்குப் போலீஸ் புகார் வேண்டும், அக்கம்பக்கத்தில் சாட்சியும் வேண்டும். அனுமதி இல்லை என்றதும் தில்லைநாயகத்துக்கு உயிர் வந்தது. கொடுக்காமல் இருப்பதை அவரைவிடச் சுத்தமாகச் செய்தவர் யார்?

புகார் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். வண்டியை எடுத்தவன் யாரை ஏற்றிக்கொண்டு போனான் என்று ஏட்டு கேட்டார். என் வீட்டுக்காரியை என்றார். எங்கே என்றார் ஏட்டு. ஆஸ்பத்திரிக்கு என்றார். ஏட்டு பேனாவை மூடி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ரசீது போட்டுக் கொடுத்தார்.

முப்பிடாதி கோபப்படுவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர் நேரே நாசரிடம் வந்தார்.

"ஏழு தடவ அடிச்சேன், அண்ணாச்சி எடுக்கல. கேக்காமத்தான் எடுத்தேன் சார். எளுதுங்க, கையெளுத்துப் போடுதேன்."

பட்டாளத்து நம்பரோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். தில்லைநாயகம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரசீதுத் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எதிர்வீட்டுக்காரர்கள் இருவர் பேசி வைத்துக்கொண்டு எழுதியதாகக் கம்பெனி சொல்லும், ஆகவே தெருவிலும் கேட்க வேண்டும் என்றார் நாசர். அங்கேதான் நுணல் தன் வாயால் கெட்டது. வீடு வீடாக நாசர் கேட்டுப் போக, தில்லைநாயகமும் கூடவே போனார். இவர் காரை அடுத்தவருக்குக் கொடுக்கிற பழக்கம் உண்டா என்பது கேள்வி.

ஆனந்தவள்ளி டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அண்ணாச்சியா? கேட்டு இல்லேன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல சார். எம் மக கல்யாணத்துக்கே ஒங்க வண்டிதான்னு சொன்னாவ."

பலசரக்குக் கடை மாடக்கண்ணு எடையைப் போட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "எங்க அப்பாவ டாக்டர்ட்ட கூட்டிப் போகணும்னு கேட்டேன். ஒன் வண்டிதாம்லேன்னாவ. அப்பா சாகுத வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாரு சார்."

எட்டு வீட்டில் எட்டுப் பேர். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக அவர் கொடுத்த வார்த்தையை, வட்டி சேர்க்காமல், அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். கூட நின்ற மனிதரால் மறுக்கவும் முடியவில்லை. மறுத்தால் அதுவரை சொன்னதெல்லாம் என்ன என்று ஆகிவிடும். அன்று சாயங்காலம் அவரே படியேறிப் போய், நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள் டீச்சர் என்று கெஞ்சியதாகக் கேள்வி. பெரியவர்களைப் பற்றி அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் அண்ணாச்சி என்று டீச்சர் காதைப் பொத்திக்கொண்டாராம்.

மறுநாள் நாசர் திரும்ப வந்தார். இனி ஒரே வழி, நீங்களே கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார். முன்னறையில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தார்கள். யோகலட்சுமி கழுத்தில் தூளி மாதிரி கட்டிய கையோடு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"ஏழு கால் வந்திருக்கு சார். ஏன் எடுக்கல?" என்று கேட்டார் நாசர்.

அருவிக்குள் நின்றேன், கேட்கவில்லை என்றார் தில்லைநாயகம்.

"அப்படி எளுதாதீங்க. கேட்டிருந்தா எடுத்திருப்பீங்க, எடுத்திருந்தா குடுத்திருப்பீங்கன்னு கம்பெனி பிடிச்சுக்கிடும்." நாசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கார் கேட்பார் என்று தெரிந்துதான் எடுக்கவில்லை, எந்தக் காரணத்துக்காகக் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்று எழுதினால்தான் நிற்கும் என்றார். எந்தக் காரணம் என்ற இடத்தை அவர் அழுத்திச் சொன்னார்.

யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாய்க்கு வந்தத எளுதச் சொல்லுதீங்களே சார். அவுக கொஞ்சம் கெட்டிதான், நான் இல்லேங்கல. அதுக்காக, நான் கை ஒடிஞ்சி கெடக்கேன்னு தெரிஞ்சா குடுக்காம இருப்பாவளா?" பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இருந்திருப்பியளா?"

நாசர் பேனாவை நிறுத்தினார். யோகலட்சுமியின் முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது, பதிலுக்காகக் காத்துக்கொண்டு. மனிதர் இல்லை என்று தலையை ஒருமுறை அசைத்திருந்தால் போதும். மூன்று லட்சம் போயிருக்கும், அவ்வளவுதான்.

தில்லைநாயகம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சார் வந்து எவ்வளவு நேரமாச்சு, ஒரு காபி போட்டுக் கொண்டாயேன்" என்றார்.

அவள் நிலைப்படியிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு உள்ளே போனாள். அடுப்படியில் ஒற்றைக் கையால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

அவர் எழுத ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதிய கை, எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். தேதி, வண்டி எண், பாலிசி எண், அழைப்பு வந்த நேரம் எல்லாம் எழுதி, நாசர் சொன்ன கடைசி வரிக்கு வந்து, ஒரு கணம்கூட நிற்காமல் அதையும் எழுதினார். யோகலட்சுமி ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நாசர் முன்னால் வைத்தாள். எடது கையால் தாரேன், தப்பா நெனைக்காதீங்க சார் என்றாள். ஒரு தடவைக்கு ஒரு டம்ளர்தான் அவளால் தூக்க முடியும். திரும்பப் போய் அடுத்ததைக் கொண்டுவந்து புருஷனுக்கு முன்னால் வைக்கக் குனிந்தாள். தில்லைநாயகம் பேனாவைக் கீழே வைக்காமலே இடது உள்ளங்கையை விரித்து, எழுதி முடித்த கடைசி வரியின்மேல் பொத்தி வைத்துக்கொண்டார்.