மேசையேறிய மொச்சை

ஊறவைத்த மொச்சையின் பச்சை வாசம் சமையலறையிலிருந்து வந்தது. உடனே வயிறு எரிந்தது, ஐந்தாம் வகுப்பில் எரிந்தது போலவே.

விதை முளைக்கவைத்துக் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். நன்றாக வளர்ந்த செடிக்கு அவர் மேசையில் இடம். பீங்கான் பொம்மை செய்யும் அப்பா, சலித்த வெள்ளைக் களிமண்ணைக் கொடுத்தார்.

"நம்ம மண்ண விட ஒசத்தியா எது இருக்குது?"

அது காய்ந்து ஓடாய் இறுகி, என் மொச்சையை வெளியே விடவேயில்லை. பக்கத்து வீட்டு மலர்க்கொடி எருமண்ணில் போட்டிருந்தாள். அவளுடைய மொச்சை இரண்டு தடித்த விதையிலைகளை விரித்து, மேசையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

மறுவாரம் அவள் குடும்பம் பெண்ணாடத்துக்குக் குடிபோனது. பஸ் ஏறுமுன் செடியைத் தொட்டியோடு என் கையில் திணித்தாள்.

"தண்ணி ஊத்துடி. ஆனா யாரு கேட்டாலும் மலரு செடின்னுதான் சொல்லணும், ஆமா!"